மாற்று வழி உண்டு

எங்கள் வீட்டுக்குப் பின்வாசலே கிடையாதாம். கம்பெனி கொடுத்த வரைபடத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. இருபத்தாறு வருஷமாக நான் மீன்காரியிடம் பேரம் பேசுகிற வாசல், துணி உலர்த்தப் போகிற வாசல், என் மகள் அதீபா சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வெளியே போகிற வாசல். அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு இழுத்து 'சுவர்' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, வரிசையில் இருக்கிற ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே கோடு. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தென்காசியில் எங்கள் வீடுகளுக்கு முன்னால் தெரு, பின்னால் முடுக்கு. தெரு ஆண்களுக்கு. முடுக்கு பெண்களுக்கு. ஆறடி அகலச் சந்துதான், ஆனால் எங்கள் பாதி வாழ்க்கை அதில்தான் நடக்கிறது. குழம்புச் சட்டி கைமாறுவதும், குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆள் ஓடுவதும், மருமகளைப் பற்றிப் புறணி பேசுவதும் அங்கேதான். அந்நிய ஆண் ஒருத்தன் அதில் கால் வைக்கமாட்டான். எங்கள் வீட்டு ஆண்களே வரவேண்டியிருந்தால் சந்து முனையில் நின்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் வருவார்கள்.

முடுக்குக்கு அந்தப் பக்கம் என் கணவரின் அண்ணன் மசூதுவின் பழைய நூல் குடோன். பல வருஷமாகச் சும்மா கிடந்தது. அதை இடித்துச் சமமாக்கி, மூன்று பேட்டரிப் பெட்டிகளை வைக்க ஒரு கம்பெனிக்கு விட்டுவிட்டார். பெட்டி என்றால் டார்ச் லைட் பேட்டரி இல்லை. லாரியில் ஏற்றி வருகிற கன்டெய்னர், ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு நீளம். சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் அத்தனை லாட்ஜிலும் ஏசியும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. காற்றாலைக் கரண்டைப் பகலில் வாங்கிச் சேர்த்துவைத்து, சாயங்காலம் அவர்களுக்கு விடப்போகிறார்களாம். நல்ல காரியம்தான், நான் கரண்டே வேண்டாம் என்கிற ஆளில்லை. ஆனால் ஊரைச் சுற்றி எவ்வளவு பொட்டல் கிடக்கிறது. அங்கே வைத்தால் கேபிள் நீளமாக இழுக்கவேண்டுமாம். எங்கள் அடுப்படிக்குப் பின்னால் வைத்தால் சப்ஸ்டேஷன் பக்கமாம். நல்லா இருக்கிறது நியாயம்.

வரைபடத்தைக் கண்டுபிடித்தது அதீபாதான். இருபத்து நான்கு வயதாகிறது அவளுக்கு. பதினோரு வயதில் முதுகுத்தண்டில் ஒரு கட்டியை எடுத்தார்கள், அதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய கோடு எண் போடுகிற வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க இங்கிலீஷ் படிக்கிறவளுக்கு பேட்டரி வைப்பதற்கான நாற்பது பக்க விதிமுறை எம்மாத்திரம். ஒரே நாளில் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"உம்மா, ஆளு இருக்க வீட்டோட வாசலு, ஜன்னல்லருந்து இருவது மீட்டர் தள்ளித்தான் பேட்டரிப் பெட்டி வைக்கணும். வெறும் சொவருன்னா மூணு மீட்டர் போதுமாம். அதான் நம்ம வாசல முழுங்கிட்டாங்க."

"அது என்ன கணக்கு? தீ கெதவு தட்டிட்டா வரும்?"

"வாசல்னா ஆளு வெளிய வருவாங்கல்லா, அதுக்குத்தான். இதுல தீப்புடிச்சா தண்ணி ஊத்துனாலும் லேசுல அடங்காது உம்மா. உள்ளயே மணிக்கணக்கா எரியும். வர்ற பொகை வெசம். மொதல்ல எல்லாரும் அந்த எடத்த விட்டு ஓடணும்."

ஓடணும் என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அவள் நாற்காலிச் சக்கரத்தைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டு முன்வாசலுக்கு ஏழு படி. ஒவ்வொன்றும் முக்கால் அடி உயரம். கடைசிப் படி போய் முடிகிற இடத்தில் சாக்கடைப் பலகை. சரிவுப் பாதை கட்டலாமா என்று கொத்தனாரைக் கூட்டிவந்து கேட்டபோது, அளந்து பார்த்துவிட்டு, கட்டினால் எதிர்வீட்டு வரவேற்பறைக்குள் போய்த்தான் இறங்கும் என்றார். அதனால் பின்வாசல் நிலைப்படியில் மட்டும் சிமென்டைச் சரிவாகப் பூசினோம். அங்கே தரையும் முடுக்கும் ஒரே மட்டம். அவள் தானாக உருட்டிக்கொண்டு வெளியே போகிற ஒரே வழி அது. அதன் எதிரில் பேட்டரி. அதில் தீப்பிடித்தால் என் மகள் எந்தப் பக்கம் போவாள்? இதுதான் என் கேள்வி. இதைக் கேட்டதற்குத்தான் என்னை வாயாடி, குடும்பத்தைப் பிரிக்கிறவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மசூதுவிடம் நேராகவே போனேன். அவரை நான் பெரிய மச்சான் என்று கூப்பிடுவது வழக்கம்.

"பெரிய மச்சான், எங்க வாசலு எங்க போச்சு?"

"படத்துல இல்லாட்டி என்னம்மா, நெசத்துல இருக்குல்லா. வாசல்னு எழுதிக் குடுத்தா அப்புறம் முடுக்கையும் வழின்னு எழுதுவான். பொது வழின்னு ஆச்சுன்னா கண்டவனும் பைக்க விட்டுக்கிட்டு வருவான். நம்ம பொம்பளையாளுவ எங்கன நடப்பாங்க, யோசிச்சியா?"

நானே பயப்படுகிற விஷயம் அது. இவர் அதைப் பெண்களுக்காகச் சொல்லியிருந்தால் காலைத் தொட்டுக் கும்பிடாத குறையாகக் கேட்டிருப்பேன். அடுத்த வாக்கியத்திலேயே சாயம் வெளுத்தது.

"எங் குடோன் எடத்துல நான் என்னத்த வச்சா ஒனக்கென்ன?"

"நீங்க என்னத்தயும் வைங்க. எம் மவ வெந்து போவான்னா நான் கேக்கத்தான் செய்வேன்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தக் குடும்பத்தில் ஆண்களுக்குப் பதில் இல்லையென்றால் தொழுகைக்கு நேரமாகிவிடும்.

அனுமதி கொடுப்பதற்கு முன் அரசாங்கம் நடத்துகிற கருத்துக் கேட்புக் கூட்டத்தை வைத்தது தென்காசியில் இல்லை, குற்றாலத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில். கரண்ட் வாங்கப்போகிற லாட்ஜ்காரர்களுக்கு அதுதான் வசதியாம். நாங்கள் வாடிக்கையாக வருகிற சுப்புவின் ஆட்டோவில் நாற்காலியை மடக்கிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனோம். மேலகரம் தாண்டியதும் சீசன் கூட்டம். எண்ணெய் வழிகிற உடம்பும் ஈரத் துண்டுமாக ஆயிரம் பேர் ரோட்டைக் கடக்கிறார்கள். நிம்மதியாகக் குளித்துவிட்டு ஏசி ரூமுக்குப் போகிறார்கள் என்று நினைத்தபோது, பாவம் அவர்கள்மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள் என்ன செய்வார்கள், யார் வீட்டுக்குப் பின்னாலிருந்து குளிர் வருகிறதென்று அவர்களுக்குத் தெரியாது.

மண்டபத்தில் முதல் இரண்டு வரிசையும் லாட்ஜ்காரர்கள். மசூது அவர்களோடு உட்கார்ந்திருந்தார். விசாரிக்க வந்தது அனுசியா என்கிற பெண் அதிகாரி. நாற்பது வயதிருக்கும், கண்ணாடி, கையில் தடியாக ஒரு கோப்பு. நான் எழுந்து வரைபடத்தில் இருப்பது பொய் என்றேன். அவர் கம்பெனியின் சர்வேயரைக் கூப்பிட்டார். சிவசைலம் என்று பெயர். மெலிந்த ஆள், தன் நோட்டைப் புரட்டிப் படித்தார்.

"ஜூன் பதினேழு, காலைல பதினொன்னே கால். பின்பக்கச் சந்துல கதவு மாதிரி ஒன்பது எடத்துல தெரிஞ்சுது. மூணாவது வீட்டுல தட்டுனேன். 'இங்கன வாசல் கெடையாது, முன்னால போங்க'ன்னு உள்ளருந்து ஒரு பொம்பளக் குரல். மத்த வீட்டுலயும் அதே மாதிரிதான் சொன்னாங்க. சரி, பயன்பாட்டுல இல்லாத கதவு போலன்னு சொவருன்னே எழுதிட்டேன் மேடம்."

முன்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவது வீடு எங்கள் வீடு. எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. நான் நைட்டியோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முடுக்குப் பக்கம் ஆண் கை தட்டுகிற சத்தம். வேறென்ன சொல்வேன்? கேஸ் சிலிண்டர்காரன், மீட்டர் பார்க்கிறவன், யார் தெரியாமல் வந்து தட்டினாலும் நாங்கள் ஒன்பது வீட்டிலும் சொல்கிற பதில் அதுதான். என் உம்மா சொன்னாள், நானும் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே கதவில்லை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒருத்தன் அதை எழுதிக்கொண்டு போய்விட்டான்.

என் மேல் எனக்கே வந்த கோபத்தில் காது இரண்டும் சுட்டது. அதீபா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

"அது நாந்தான் மேடம் சொன்னேன்."

அனுசியா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

"ரெண்டும் பொய் கெடையாது. முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைக்கு அங்கன வாசல் கெடையாது. இங்க ஒக்காந்திருக்க எங்க பெரிய மச்சானுக்கு அது தெரியும், அவுங்க உம்மாவும் அப்படித்தான் சொல்லிருப்பாங்க. இந்தத் தம்பி கதவத் தட்டிட்டு கதவில்லன்னு எழுதியிருக்காரு. கை வலிக்கத் தட்டுனது எத, சொவரயா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மறுபடி அளக்கவேண்டும் என்றார் அனுசியா. மசூது எழுந்து, எங்கள் முடுக்கில் ஆண்கள் வருவதை ஜமாஅத்தில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றார்.

"நான் வர்றேன். நான் பொம்பளதானே," என்றார் அனுசியா.

மறுநாள் டேப்போடு வந்தார். ஒன்பது கதவையும் ஒன்றொன்றாகத் திறந்தோம். பக்கத்து வீட்டு ரஹ்மத்துன்னிசா டீ போட்டுக் கொடுத்தாள். எங்கள் வாசலிலிருந்து கன்டெய்னர் வரப்போகிற இடத்துக்கு மூன்று மீட்டர் தொண்ணூறு சென்டிமீட்டர். அனுசியா அதை எழுதியபோது, விஷயம் முடிந்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அன்றைக்குப் பாயசம் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. அதீபா படித்துச் சொன்னாள். பெட்டிகளை இருபது மீட்டர் தள்ளிவைக்க வேண்டும். அல்லது, வீட்டு உரிமையாளர் சம்மதித்தால், அந்த வாசல்களைக் கம்பெனி தன் செலவில் செங்கல் வைத்து நிரந்தரமாக அடைத்துவிடலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியேற மாற்று வழி இருக்கிறதா என்று மட்டும் அதிகாரி நேரில் பார்த்து உறுதி செய்யவேண்டும்.

வாசல் பக்கத்தில் பெட்டி இருக்கக்கூடாது என்று விதி. அதற்கு வாசலை எடுத்துவிடலாமாம். இதை யோசித்தவன் பிள்ளைகுட்டியோடு எந்த வீட்டில் இருக்கிறானோ.

எட்டு வீட்டு ஆண்களும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் இலவசம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. ரஹ்மத்துன்னிசா மறுநாள் மத்தியானம் வந்து என் அடுப்படியில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுல கையெழுத்துப் போட்டாச்சு ஹஃப்சா. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. கொத்தனார் வந்தப்பறம்தான் எனக்கே தெரியும்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல. செங்கல் வந்து எறங்கிட்டு."

அதுதான் அவள் முடுக்கு வழியாக என் வீட்டுக்கு வந்த கடைசித் தடவை. எட்டு வீட்டுக்கும் முன்வாசல் உண்டு என்று அனுசியா பார்த்து எழுதிவிட்டார், மூன்று நாளில் எட்டு வாசலும் போயிற்று. முடுக்கு பொது வழியாகிவிடும் என்று பதறினாரே மசூது, இப்போது அதில் நடக்க ஆளே இல்லை.

மிச்சம் எங்கள் வீடு. பத்திரம் என் கணவர் பாரூக் பெயரில். அவர் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். அண்ணன் கேட்டதும் வாட்ஸப்பில் சரி என்று போட்டுவிட்டார். எனக்கு அதன் பிறகுதான் போன் வந்தது.

"அண்ணன் சொல்லுதாவல்லா. எட்டு வீடும் ஒத்துக்கிட்டு, நாம மட்டும் மறிச்சா நல்லாவா இருக்கும்?"

"அதீபா எப்படி வெளிய போவா?"

"முன்னால போறது. ஆபத்துன்னு ஒண்ணு வந்தா ரெண்டு பேரு தூக்கி எறக்கிட்டுப் போறாங்க. தெருவுல ஆளா இல்ல?"

"எந்த ரெண்டு பேரு? பேரச் சொல்லுங்க, எழுதி வச்சிக்கிடுதேன்."

சத்தம் போடாதே என்றார். நான் சத்தமே போடவில்லை.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அனுசியா வந்தார். கூட சிவசைலம், கம்பெனி படிவத்தோடு. மசூது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்னறையில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். உரிமையாளர் தன் வாயால் சம்மதம் சொல்லவேண்டும் என்பதால் பாரூக் வீடியோ காலில் இருந்தார். போன் என் கையில். அனுசியா முன்வாசலைப் போய்ப் பார்த்தார். வாசல் நிலையின் அகலத்தை அளந்தார், மூன்றரை அடி. படிவத்தில் ஒரு கட்டம். மாற்று வழி: உண்டு, இல்லை. அவர் முகத்தில் சந்தோஷமில்லை, அதை நான் மறைக்கமாட்டேன். ஆனாலும் பேனாவைத் திறந்தார்.

"வழி இருக்குங்கம்மா. கதவு இருக்கு, படி இருக்கு. இல்லன்னு நான் எப்படி எழுத முடியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அதீபா பேசினாள்.

"எழுதுறதுக்கு முன்னால சோதிச்சுப் பாத்துருங்க மேடம். தீப்புடிச்சிட்டுன்னு வச்சிக்கிடுங்க. மணி பாத்துக்கோங்க."

நாற்காலியை நிலை வரைக்கும் உருட்டிக்கொண்டு போனாள். பிரேக்கைப் போட்டாள். இரண்டு கையையும் ஊன்றித் தரையில் இறங்கினாள். நான் ஓடினேன்.

"உம்மா, நீங்க இப்ப மார்க்கெட்டுல இருக்கீங்க. நகராதீங்க."

நின்றுவிட்டேன். என் வாழ்நாளில் யாருக்கும் அப்படிக் கட்டுப்பட்டதில்லை. அவள் முதல் படியில் பின்பக்கத்தை இறக்கினாள். திரும்பி, கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். மறுபடி கை ஊன்றி உடம்பை இறக்கினாள். இரண்டாவது படியில் ஒரு கால் மடங்கி அடியில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்து எடுக்க நேரமானது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். பால்காரர் வண்டியை நிறுத்தினார். எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர். வெளி ஆண்கள் முன்னால் முக்காடு சரியாமல் இருந்த பிள்ளை, நடுத்தெருவில், தவழுகிற குழந்தை போல. முக்காடு சரிந்தது. சரிசெய்யக் கை இல்லை, இரண்டு கையும் படியில் இருந்தன. கையில் கிடைத்ததை எடுத்து மசூதுவின் மண்டையில் போடலாம் போலிருந்தது.

நான்காவது படியில் ரத்தம். குதிகால் படியின் முனையில் உரசிக் கிழிந்திருந்தது. அவளுக்கு அது தெரியாது, அங்கே உணர்வு கிடையாது. எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. மசூது எழுந்து வந்தார், குரல் இறங்கியிருந்தது.

"போதும்மா. வா, நான் தூக்குதேன்."

"தொடாதீங்க பெரியவாப்பா. தீப்புடிக்கிற அன்னைக்கு நீங்க இங்கன ஒக்காந்திருப்பீங்களா?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். போனுக்குள்ளிருந்து பாரூக் அதீ, அதீ என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். போதும்மா, வாப்பா சொல்லுதேன், போதும் என்றார். போனை மூடு ஹஃப்சா என்றார். நான் மூடவில்லை. படிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாருங்க. சம்மதம் சொல்லப்போறவரு பாக்கணும்லா."

ஐந்து. ஆறு. ஏழாவது படியிலிருந்து சாக்கடைப் பலகைமேல் இறங்கினாள். இரண்டு உள்ளங்கையும் சிவந்து தோல் உரிந்திருந்தன. மூச்சு வாங்கியது. பலகைமேல் உட்கார்ந்தபடி முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு மேலே பார்த்தாள்.

"எத்தன நிமிசம் மேடம்?"

அனுசியா மணியைப் பார்த்தார். "பதினோரு நிமிஷம்."

"அதையும் எழுதுங்க. நாற்காலி இன்னும் மேலதான் நிக்குன்னும் எழுதுங்க," என்றாள் என் மகள்.